நூறு சதவீதமும் விடுபட்ட பிள்ளைகளும்



ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் நம் ஊர்ச் சாலைகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். திருவள்ளூர் பேருந்து நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி பஜார் வரை, மின்கம்பங்களிலும் பள்ளி மதில்களிலும் பெரிய பெரிய பதாகைகள் தொங்குகின்றன. "100 சதவீதத் தேர்ச்சி" என்ற எழுத்துகள் தூரத்திலிருந்தே கண்ணில் படுகின்றன. அதன் கீழே முதல் மூன்று இடங்களைப் பெற்ற பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் உழைத்தார்கள். அவர்களைப் பாராட்டுவதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆனால் அதே வாரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஊர் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு அடுத்த ஊர்ப் பள்ளியைவிட ஆறு ஏழு புள்ளிகள் குறைவாக இருக்கிறது என்று கேள்விப்பட்ட பெற்றோர், எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்திலிருக்கும் பள்ளியை விட்டுவிட்டு, பிள்ளை இனி தினமும் ரயிலிலோ வேனிலோ அலைய வேண்டும். கட்டணம் கட்ட வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்களும் உண்டு. இவ்வளவு பெரிய முடிவை ஒரே ஓர் எண்ணை நம்பி எடுக்கிறோம். அந்த எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நாம் நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்பது நல்லது.

நம் பகுதியும் நம் பள்ளிகளும்

திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டு பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு 84 விழுக்காடு. மாநில சராசரியான 80 விழுக்காட்டைவிட இது அதிகம். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பின்போது அம்பத்தூர், மாதவரம் போன்ற நகர்ப்பகுதிகளும் இந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 2018இல்தான் அவை சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. ஆகவே மாவட்ட சராசரி என்பது அம்பத்தூரையும் ஆரம்பாக்கத்தையும், ஆவடியையும் பழவேற்காட்டையும் ஒன்றாகக் கலந்து எடுத்த கணக்கு.

வடக்கே சென்றால் நிலைமை வேறு. சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் ஏறி மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால், சிப்காட் தொழிற்பேட்டை நம்மை வரவேற்கிறது. இரும்பு உருக்காலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் வார்ப்படத் தொழிற்சாலைகளும் அங்கே இயங்குகின்றன. மேற்கே தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட் வளாகம் இருக்கிறது. இந்தத் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் நம் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் உள்ளன. உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்புவரை, மேல்நிலைப் பள்ளி என்றால் பன்னிரண்டாம் வகுப்புவரை என்பது நாம் அறிந்ததே.

இந்தப் பள்ளிகளின் வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்கள் யார்? ஒப்பந்தத் தொழிலாளியின் மகன், பழவேற்காட்டு மீனவரின் மகள், இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசும் எல்லையோரக் குடும்பத்துச் சிறுவன், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த சிறுமி, செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து பெற்றோருடன் வந்தவன் எனப் பலரும் இருக்கிறார்கள். இத்தனை வகைப் பிள்ளைகளைக் கொண்ட பள்ளியையும், நகர்ப்புறத்தில் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரியாகுமா?

விழுக்காடு எப்படி வருகிறது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். மொத்தம் 500 மதிப்பெண்கள். ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஒரு பாடத்தில் 34 எடுத்து மற்ற நான்கிலும் 90 எடுத்த பிள்ளையும் அன்றைய கணக்கில் தேர்ச்சி பெறாதவரே. பின்னர் துணைத்தேர்வில் அவர் வெற்றி பெற்றாலும் மே மாதப் பதாகையில் அது ஏறாது.

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்பதே. "எழுதியவர்களில்" என்ற சொல்லைச் சற்றுக் கவனிப்போம். பள்ளியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இவை நாம் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே தவிர, எந்தப் பள்ளியையும் குறிப்பவை அல்ல.

முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் 120 பேர். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் 96 பேர். தேர்வு எழுதியவர்கள் 90 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 88 பேர். விழுக்காடு 97.8.

இரண்டாம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் 100 பேர். பெயர்ப்பட்டியலில் 98 பேர். எழுதியவர்கள் 96 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 86 பேர். விழுக்காடு 89.6.

பதாகையில் முதல் பள்ளிக்கே வெற்றி. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் கரையேறினார்கள் என்று கேட்டால், முதல் பள்ளியில் 100க்கு 73 பேர்; இரண்டாம் பள்ளியில் 86 பேர். முதல் பள்ளியிலிருந்து ஆறு பேர் குடும்பத்தோடு ஊர் மாறி வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, நியாயமாக அவர்களைக் கழித்துவிட்டாலும் 77 பேர்தான். மற்றவர்கள் எங்கே? பெற்றோராகிய நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விடுபடும் பிள்ளைகள்

பிள்ளைகள் விடுபடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவர்களாகவே நின்றுவிடுவது. மற்றொன்று, அவர்களை நிற்க வைத்துவிடுவது.

முதலாவதைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. இந்த இரண்டு பாதுகாப்புகளும் எட்டாம் வகுப்போடு முடிகின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தத்தின்படி, 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தத்தான் தடை. மற்ற வேலைகளுக்குத் தடையில்லை. அதாவது ஒன்பதாம் வகுப்பில் நுழையும் வயதில் பள்ளியின் பிடி தளர்கிறது, வேலையின் வாசல் திறக்கிறது. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த வாசல் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பட்டறை, கேன்டீன், சரக்கு ஏற்றி இறக்கும் இடம், கட்டட வேலை எனக் கையில் காசு தரும் வழிகள் பல. தந்தைக்கு விபத்தோ நோயோ வந்துவிட்டால் முதலில் நிற்பது மூத்த மகனின் படிப்புதான்.

2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வுக்கு ஏறக்குறைய 50,000 மாணவர்கள் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே அதிர வைத்தது நினைவிருக்கலாம். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வே எழுதாமல் 2021இல் அனைவரும் தேர்ச்சி என்று மேலே வந்த அணி அது. பெயர்ப்பட்டியலில் பெயர் இருந்தது, பிள்ளை இல்லை. இப்படி வராமல் போனவர்கள் எந்தப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டையும் குறைப்பதில்லை. தேர்வு எழுதித் தோற்றவர் குறைக்கிறார். எழுதாமலே காணாமல் போனவர் குறைப்பதில்லை. இந்தக் கணக்கின் பெரிய குறை இதுவே.

இரண்டாவது வழி இன்னும் வருத்தத்திற்குரியது. மெல்லக் கற்கும் மாணவனை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தி வைப்பது, "வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்று பெற்றோரை அழைத்துச் சொல்வது, தனித்தேர்வராக எழுதச் சொல்வது ஆகிய முறைகள் நம் நாட்டில் பல இடங்களில் காலங்காலமாக இருந்துவருகின்றன. எல்லாப் பள்ளிகளும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் விழுக்காட்டை மட்டுமே பார்த்துப் புகழ்ந்து, விழுக்காடு குறைந்தால் தலைமை ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் சூழலில் இந்தச் சோதனை எல்லோருக்கும் வருகிறது. அப்படி வெளியேற்றப்பட்ட பிள்ளை கடைசியில் எங்கே சேர்கிறான்? யாரையும் மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் ஊர் அரசுப் பள்ளியில்தான். அடுத்த மே மாதத்தில் அந்தப் பள்ளியின் விழுக்காடு குறைகிறது. அனுப்பியவருக்குப் பதாகை, ஏற்றுக்கொண்டவருக்கு விளக்கக் கடிதம்.

சிறிய பள்ளியும் பெரிய பள்ளியும்

நம் கிராமங்களில் நடுநிலைப் பள்ளியிலிருந்து தரம் உயர்ந்த உயர்நிலைப் பள்ளிகள் பல உண்டு. அவற்றில் பத்தாம் வகுப்பில் 20 அல்லது 25 பேர்தான் இருப்பார்கள். 20 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 5 விழுக்காடு. இந்த ஆண்டு 19 பேர் தேர்ச்சி பெற்றால் 95. அடுத்த ஆண்டு 17 பேர் பெற்றால் 85. "பத்துப் புள்ளி சரிவு" என்று செய்தி வரும். உண்மையில் நடந்தது இரண்டு பிள்ளைகளின் கதை மட்டுமே. ஒருவனுக்குத் தேர்வுக்கு முன் மஞ்சள் காமாலை வந்திருக்கலாம். இன்னொருத்தி கணிதத்தில் இரண்டு மதிப்பெண்ணில் தவறியிருக்கலாம்.

250 பேர் எழுதும் நகரத்து மேல்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளையின் எடை 0.4 விழுக்காடுதான். அங்கே பத்துப் புள்ளி குறைந்தால் 25 பிள்ளைகள் தோற்றிருக்கிறார்கள் என்று பொருள். அது உண்மையிலேயே கவலைக்குரியது. ஆகவே சிறிய பள்ளியை ஓர் ஆண்டு முடிவை வைத்து எடை போடக்கூடாது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையையும் தேர்ச்சி எண்ணிக்கையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளையும் விட்டுவிட வேண்டும். கொரோனா காரணமாக அவ்விரு ஆண்டுகளிலும் பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டதால் அந்த 100 விழுக்காடு எதையும் அளக்கவில்லை.

35க்கு மேலே என்ன இருக்கிறது?

இரண்டு பள்ளிகள் 100 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பிள்ளைகளின் சராசரி 500க்கு 220. மற்றொன்றில் 340. பதாகையில் இரண்டும் ஒன்றே. ஆனால் அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் அறிவியல் பாடப்பிரிவு கேட்கும்போதும், பாலிடெக்னிக்கில் விண்ணப்பிக்கும்போதும் வித்தியாசம் தெரிந்துவிடும். சிப்காட் தொழிற்சாலையில் பொருத்துநராகவோ மின்பணியாளராகவோ நல்ல வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. வாசலில் கணிதமும் அறிவியலும் தேவை. 35 மதிப்பெண் கணிதத்தோடு அங்கே நுழைபவர் அளவுகோலைப் படிக்கத் தடுமாறுவார்.

வெறும் தேர்ச்சியை மட்டும் இலக்காக வைத்தால் வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். 25 முதல் 40 மதிப்பெண்ணுக்குள் இருக்கும் பிள்ளைகள்மீது எல்லாக் கவனமும் போகிறது. மாலை வகுப்பும் சிறு தேர்வுகளும் அவர்களுக்கே. 70 எடுப்பவர் எப்படியும் தேறிவிடுவார் என்று அவரை 90க்கு உயர்த்த நேரமிருப்பதில்லை. 10 எடுப்பவரோ எப்படியும் தேறமாட்டார் என்று கைவிடப்படுகிறார். ஆசிரியர்கள்மீது குற்றம் சொல்ல நாம் இதைச் சொல்லவில்லை. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பள்ளி தருகிறது.

எங்கிருந்து தொடங்கினார்கள்?

பள்ளியின் உழைப்பை அறிய வேண்டுமானால் பிள்ளை எங்கே முடித்தான் என்பதோடு எங்கே தொடங்கினான் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு தொடக்கத்தில் கணிதத்தில் 25 மதிப்பெண் சராசரி உள்ள வகுப்பை இரண்டு ஆண்டுகளில் 48க்குக் கொண்டுவந்த பள்ளி பெரிய காரியம் செய்திருக்கிறது. 70இல் பெற்றுக்கொண்டு 72இல் அனுப்பிய பள்ளி அவ்வளவு செய்யவில்லை. பதாகையில் மட்டும் இரண்டாவது பள்ளிதான் உயர்ந்து நிற்கும்.

நம் பகுதியில் இந்தத் தொடக்கப்புள்ளி பள்ளிக்குப் பள்ளி மிகவும் வேறுபடுகிறது. மொழியை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருத்தணி வட்டம் 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அங்கேயும் பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டி எல்லையிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு விரிந்து, 2015-16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை அடைந்தது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடமும் ஒரு மலைதான். செங்கல் சூளைப் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். சூளை வேலை மழைக்காலம் முடிந்து தொடங்கிக் கோடையில் உச்சம் பெறுகிறது. பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஊருக்கும் சூளைக்கும் இடையே அலையும் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பள்ளி ஆண்டும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

ஆண், பெண் வேறுபாட்டையும் மறந்துவிடக்கூடாது. 2024ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் மாநில அளவில் மாணவியர் தேர்ச்சி 94.53 விழுக்காடு, மாணவர் தேர்ச்சி 88.58 விழுக்காடு. ஆறு புள்ளி இடைவெளி. ஆகவே ஓர் ஊரில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியும் தனித்தனியே இருந்தால், ஆண்கள் பள்ளி ஐந்தாறு புள்ளிகள் பின்தங்கியிருப்பதை வைத்து அங்கே ஆசிரியர்கள் சரியில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆண்கள் பள்ளியை ஆண்கள் பள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும். அதே நேரத்தில், மகன்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்ற கேள்வியை வீட்டிலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் இந்த ஒப்பீட்டில் வருகின்றன. அவற்றின் நல்ல முடிவுகளைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையின்போது எந்தப் பிள்ளைக்கு "இடமில்லை" என்று சொன்னோம் என்பதையும் அந்த முடிவோடு சேர்த்துப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டும். எளியவரின் பிள்ளைக்காகத் தொடங்கிய பள்ளி எளியவரின் பிள்ளையைச் சேர்க்காமல் பெறும் நூறு விழுக்காட்டில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

மாவட்டங்களின் வரிசை

முடிவுகள் வந்தவுடன் மாவட்ட வரிசையும் வெளியாகிறது. 2024இல் அரியலூர் 97.31 விழுக்காட்டோடு முதலிடத்திலும், வேலூர் 82.07 விழுக்காட்டோடு கடைசியிலும் இருந்தன. மாநில சராசரி 91.55. அடுத்த ஆண்டு சிவகங்கை 98.31 விழுக்காட்டோடு முதலிடம் பெற்றது. மாநில சராசரி 93.80. இந்த எண்களில் ஒரு பாடம் இருக்கிறது. சென்னைக்கு அருகில் இருப்பதோ தொழிற்சாலைகள் நிறைந்திருப்பதோ தேர்ச்சியை உயர்த்திவிடுவதில்லை. அரியலூரும் சிவகங்கையும் முன்னே நிற்கின்றன. வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், குடும்பங்கள் அடிக்கடி இடம்பெயர்வதும், ஆசிரியர்கள் நகரத்திலிருந்து தினமும் பயணம் செய்து வருவதும் தொழிற்பகுதிப் பள்ளிகளுக்கே உரிய சுமைகள். தொழில் வளர்ச்சி வந்தால் கல்வி தானாக வளரும் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிறர் கற்ற பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை வரிசைப் பட்டியலாக வெளியிட்டார்கள். வசதியான பகுதிப் பள்ளிகளே மேலே வருகின்றன என்ற குறை எழுந்தது. வேல்ஸ் 2001இல் அந்தப் பட்டியலையே நிறுத்தியது. இங்கிலாந்து 2016இல், பதினோரு வயதில் பிள்ளை எந்த நிலையில் இருந்தான், பதினாறு வயதில் எவ்வளவு முன்னேறினான் என்பதை அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1966இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த பெரிய ஆய்வறிக்கை, பிள்ளைகளின் மதிப்பெண் வேறுபாட்டில் குடும்பப் பின்னணியின் பங்கு மிகப் பெரிது என்று காட்டியது.

தமிழ்நாடும் ஒரு படி எடுத்து வைத்தது. 2017 மே மாதம் முதல் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பெற்றோர் பெயர்களை அரசு அறிவிப்பதில்லை. பிள்ளைகளிடையே வீண் போட்டியும் மன அழுத்தமும் வேண்டாம் என்பதே நோக்கம். ஆனால் பள்ளிகளை வரிசைப்படுத்தும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடத்தான் வேண்டும். ஒப்பிடாமல் விட்டால், ஆசிரியரே இல்லாத பள்ளியும் அக்கறையே இல்லாத பள்ளியும் தப்பித்துவிடும். பின்தங்கிய பகுதி என்பது சோம்பலுக்குச் சாக்காகவும் மாறிவிடக்கூடாது. சரியான கேள்விகளோடு ஒப்பிட வேண்டும் என்பதே நாம் சொல்வது. பெற்றோர் தலைமை ஆசிரியரிடம் மரியாதையோடு கேட்கக்கூடிய சில கேள்விகளை இங்கே தருகிறோம்.

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள்?

2. நின்றுபோனவர்களில் எத்தனை பேர் மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளியில் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் எங்கேயும் சேரவில்லை?

3. கடந்த மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் தேர்ச்சி எவ்வளவு?

4. எந்தப் பாடத்தில் அதிகம் பேர் தவறினார்கள்? அந்தப் பாடத்திற்கு அந்த ஆண்டு முழுவதும் ஆசிரியர் இருந்தாரா?

5. மொத்த மதிப்பெண் சராசரி எவ்வளவு? 400க்கு மேல் எத்தனை பேர், 250க்குக் கீழே எத்தனை பேர்?

6. தேர்ச்சி பெறாதவர்கள் துணைத்தேர்வு எழுதினார்களா? அவர்களுக்குப் பள்ளி பயிற்சி கொடுத்ததா?

7. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள்?

நான்காம் கேள்வி மிக முக்கியமானது. கணித ஆசிரியர் பணியிடம் ஜூன் முதல் டிசம்பர்வரை காலியாக இருந்த பள்ளியில் கணிதத்தில் 15 பேர் தவறினால், அது அந்தப் பிள்ளைகளின் தோல்வி அல்ல. அந்தப் பணியிடத்தை நிரப்பக் கேட்பது பெற்றோராகிய நம் கடமை. 2022இல் காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதித்தது. அந்தக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். தலைவரும் ஒரு பெற்றோரே. ஆனால் கூட்டம் நடக்கும் நாளில் நம்மில் எத்தனை பேர் போகிறோம்? கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினால் மே மாதத்தில் பள்ளியைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேட்டும் விவரம் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். வகுப்புவாரியான எண்ணிக்கை போதும். கிராமசபைக் கூட்டத்திலும் ஊர்ப் பள்ளியின் நிலை குறித்துப் பேசலாம்.

ஊர்ப் பள்ளியை விட்டுப் போகும் முன்

ஒரு பள்ளியை விட்டுப் பிள்ளைகள் போகப் போக, மாணவர் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகி வேறு ஊருக்குப் போகிறது. ஆசிரியர் போனால் முடிவு மேலும் குறைகிறது. அதைப் பார்த்து மேலும் சிலர் போகிறார்கள். கடைசியில் அங்கே மிஞ்சுபவர்கள் வேறெங்கும் போக வழியில்லாதவர்கள். வேன் கட்டணம் கட்ட முடியாதவரும், சாதிச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருக்கும் இருளர் குடும்பமும், முகாமில் வாழ்பவரும்தான்.

போக வேண்டிய நியாயமான காரணம் இருந்தால் யாரையும் தடுக்க முடியாது. தன் பிள்ளைக்கு நல்லது தேடுவது பெற்றோரின் உரிமை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்று சில வாய்ப்புகளும் திறந்திருக்கின்றன என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு; 2021இல் அது பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. எட்டாம் வகுப்பு முடிந்தவுடன் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவற்றில் பலவற்றை இழக்க நேரிடும். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திடும் முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மே மாதத்திலும் பதாகைகள் கட்டப்படும். அவற்றின் அருகே நின்று படங்களைப் பார்க்கும்போது, படத்தில் உள்ள பிள்ளைகளை வாழ்த்துவோம். பிறகு நம் தெருவில் ஒன்பதாம் வகுப்புவரை பையைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்போம். அவர்களில் ஒருவர் இப்போது பள்ளிக்குப் போகவில்லை என்று தெரிந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஏன் என்று கேட்போம். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முன் அந்தப் பிள்ளையைத் துணைத்தேர்வுக்கோ மறுசேர்க்கைக்கோ அழைத்துச் செல்ல இன்னும் நேரமிருக்கும்.